புளியமரமும் நம் ஏரிகளும்
(சுந்தர ராமசாமியின் புதினத்தில் சூழலியல் சிந்தனை)

முன்னுரை

தமிழ்ப் புதினங்களில் இயற்கை வருணனைக்குப் பஞ்சமில்லை. நிலவு எழும், தென்றல் வீசும், தாமரை மலரும், தலைவனும் தலைவியும் சந்திப்பார்கள். இவை கண்ணுக்கும் காதுக்கும் இனியவை. ஆயினும் வருணனை வேறு, சூழலியல் வேறு. ஓர் உயிர் தான் வாழும் இடத்தோடும், அவ்விடத்தில் வாழும் பிற உயிர்களோடும் கொண்டுள்ள உறவை ஆராய்வதே சூழலியல். ஜெர்மானிய உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் இத்துறைக்குப் பெயர் சூட்டிய ஆண்டு 1866. அதிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1966இல், தமிழில் ஒரு புதினம் நூலாக வெளிவந்தது. அதன் தலைமைப் பாத்திரம் ஒரு மரம். சுந்தர ராமசாமி எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை' என்பதே அந்நூல்.

இந்நூலை நான் முதலில் பாடத்திற்காகப் படித்தேன். பிறகு பாடத்தை மறந்து படித்தேன். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் இந்த மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு இந்நூல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மரமும் நீரும் அழிவதற்கு அவற்றின்மீது ஒருவர் பகை கொண்டிருக்க வேண்டியதில்லை. மனிதர் தமக்குள் கொண்ட போட்டியும், நன்மை என்று நம்பிச் செய்த காரியங்களுமே போதும் என்பதுதான் அது. இக்கருத்தைப் புதினத்தின் வழியாகவும், நம் ஊர்ப்பக்கத்து நிகழ்ச்சிகளின் வழியாகவும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நூலும்

சுந்தர ராமசாமி 1931ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பிறந்தார். நாகர்கோவிலில் வாழ்ந்தார். 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதைகள் எழுதினார். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' புதினத்தைத் தமிழுக்குத் தந்தவரும் இவரே. 1981இல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வெளிவந்தது. 1988இல் 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மறைந்தார். தமிழில் நவீனத்துவம் என்று நாம் வகுப்பில் படிக்கும் போக்கின் முன்னணி எழுத்தாளர்களுள் ஒருவர் இவர்.

'ஒரு புளியமரத்தின் கதை' இவரது முதல் புதினம். அதன் பகுதிகள் முதலில் 'சரஸ்வதி' இதழில் வந்தன. பின்னர் ஆங்கிலத்திலும், ஹீப்ரு உள்ளிட்ட வேறு மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. பழைய திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்த ஒரு நகரம். அதன் நாற்சந்தியில் ஒரு புளியமரம். மரத்தைச் சுற்றிக் கடைகள், வண்டிகள், வம்புப் பேச்சுகள், நகராட்சித் தேர்தல். தாமோதர ஆசான் என்னும் முதியவர் இளைஞர்களைச் சுற்றி அமர்த்திக்கொண்டு பழங்கதை சொல்கிறார். அக்கதைகளைக் கேட்ட இளைஞர்களுள் ஒருவனே பின்னாளில் நமக்குக் கதை சொல்பவன்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். புதினம் முழுவதும் அம்மரம் பேசுவதில்லை, அழுவதில்லை, சாபமிடுவதில்லை. அது நிற்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. மனிதர்களே அதைச் சுற்றி ஓடுகிறார்கள். மரத்துக்கு மனித மனத்தைக் கொடுத்து நம்மைக் கண்ணீர் விடச் செய்யும் எளிய வழியை ஆசிரியர் நாடவில்லை. நவீனத்துவத்தின் அடக்கமும் எள்ளலும் இங்கே சூழலியலுக்கு உதவுகின்றன. மரம் பேசாததால், அதற்கு நேர்ந்தவற்றை வாசகராகிய நாமே கணக்கெடுக்க வேண்டியதாகிறது.

குளம் தூர்ந்த கதை

அம்மரம் ஆதியில் நாற்சந்தியில் நின்ற மரமன்று. அதைச் சுற்றிக் குளம் ஒன்று இருந்தது. அந்நாளில் அப்பகுதி ஊரின் ஒதுக்குப்புறம். ஆசான் சொல்லும் கதைகளில் அக்குளத்தின் நாற்றமும் வருகிறது. அம்மரத்தோடு பிணைந்த செல்லத்தாயி என்ற பெண்ணின் துயரமும் வருகிறது. பிறகு திருவிதாங்கூர் மன்னர் அவ்வழியே வருகிறார். குளத்தின் நாற்றம் அரச மூக்கை எட்டுகிறது. அவ்வளவுதான், குளம் தூர்க்கப்படுகிறது. நீர் நின்ற இடத்தில் நிலம் வருகிறது. நிலம் வந்தபின் பாதை வருகிறது. பாதையின் பின்னே கடைகள் வருகின்றன. நீர்நடுவே நின்ற மரம் சந்தி நடுவே நிற்கும் மரமாகிறது.

இப்பகுதியைப் படிக்கும்போது நாம் சிரிக்கிறோம். ஆனால் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி எழுகிறது. குளத்தைத் தூர்த்தவர்கள் செய்தது தவறா? நாற்றம் உண்மையில் இருந்தது. ஊர் வளர்ந்தது உண்மை. வணிகம் பெருகியது உண்மை. அன்றைய மக்களைக் கேட்டால் நல்ல காரியம் என்றே சொல்லியிருப்பார்கள். குளம் ஏன் நாறிற்று, நாற்றத்தைப் போக்கிக் குளத்தை வைத்துக்கொள்ள வழியுண்டா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. நோயைத் தீர்ப்பதற்குப் பதிலாக நோயாளியைப் புதைத்துவிட்டார்கள் எனலாம். அரசனின் மூக்கும் அதிகாரிகளின் சுறுசுறுப்பும் சேர்ந்தால் ஒரு நீர்நிலை மறைந்து போகும் என்பதை ஆசிரியர் பிரசங்கம் ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார்.

தோப்பு பூங்காவான கதை

புதினத்தின் நடுப்பகுதியில் காலம் மாறுகிறது. நாடு விடுதலை பெறுகிறது. மன்னர் போய் மக்களாட்சி வருகிறது. ஆனால் இயற்கையின்பால் ஆள்வோர் காட்டும் போக்கு மாறவில்லை. ஊரில் காற்றாடி மரத்தோப்பு ஒன்று இருக்கிறது. சவுக்கு மரத்தையே அப்பகுதியில் காற்றாடி மரம் என்பர். ஊராருக்கு நிழலும் காற்றும் தந்த அத்தோப்பு வெட்டப்பட்டு, அவ்விடத்தில் பூங்கா அமைக்கப்படுகிறது. பெரிய மரங்களை அகற்றிவிட்டுச் சிறு செடிகளை நடுவானேன் என்ற எளிய ஐயம் பாமரர் வாயிலாக எழுகிறது. அதற்கு நேரான விடை எவரிடமும் இல்லை. புதுமை வேண்டும், நாகரிகம் வேண்டும் என்பதே விடை.

அக்காலத்தின் மனநிலையை அறிய நாம் நாகர்கோவில் வரை போக வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு ஜனவரியில் நம் ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அணைகளும் ஆலைகளும் நாட்டின் புதிய கோயில்களாகக் கருதப்பட்ட காலம் அது. அந்த நம்பிக்கையில் பொய் இல்லை. பசித்த நாட்டுக்குத் தொழில் வேண்டியிருந்தது. சுந்தர ராமசாமியும் முன்னேற்றத்தை வெறுத்தவர் அல்லர். மன்னராட்சிக் காலத்தைப் பொற்காலம் என்று அவர் பாடவில்லை. முன்னேற்றம் என்று சொல்லி ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும்போது, எடுத்தது எவ்வளவு, வைத்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கத் தவறியதையே அவர் சுட்டுகிறார்.

மரத்தைக் கொன்றவர் யார்?

புதினத்தின் இறுதிப்பகுதி கடைவீதிக் கதை. அப்துல் காதர், தாமு என்னும் இருவருக்கிடையே போட்டி. போட்டி வணிகத்திலிருந்து நகராட்சித் தேர்தலுக்குப் போகிறது. தேர்தலிலிருந்து பத்திரிகைக்குப் போகிறது. நடுவே மரம் நிற்கிறது. மரத்தை வெட்ட வேண்டும் என்று ஒரு சாரார் எழும்புகின்றனர். கூடாது என்று மறுசாரார் எழும்புகின்றனர். வெட்டக் கூடாது என்போருக்கும் மரத்தின்மேல் அன்பு இருந்தது என்று சொல்ல முடியவில்லை. எதிரி வெட்டச் சொல்வதால் இவர்கள் காக்கச் சொல்கிறார்கள். முடிவில் மரம் நஞ்சிட்டுக் கொல்லப்படுகிறது.

இப்புதினத்தின் சூழலியல் சிந்தனையின் உச்சம் இதுவே என்பது என் கருத்து. மரம் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. அதை வெறுத்தவரும் இல்லை. அது வேறொரு சண்டையில் நடுவே நின்றது; அதனால் இறந்தது. சதுரங்கத்தில் காயை வெட்டுபவனுக்குக் காயின்மேல் கோபம் இல்லையல்லவா? அதுபோலத்தான். இறந்தபின்னும் அவ்விடம் மரத்தின் பெயரால் நினைக்கப்படுகிறது. பொருள் போய்ப் பெயர் நிற்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் காணவில்லை. எங்கள் தெருவில் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் நிழலில் இஸ்திரி வண்டி ஒன்றும், மாலையில் பூ விற்கும் அம்மா ஒருவரும் பிழைத்தார்கள். மரத்தின் வேர் ஒரு வீட்டு மதிற்சுவரை லேசாகத் தூக்கியது. அந்த வீட்டுக்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் ஏற்கெனவே வண்டி நிறுத்தும் தகராறு. இவர் வெட்ட வேண்டும் என்றார். அவர் வெட்டினால் புகார் கொடுப்பேன் என்றார். ஆறு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு சித்திரை மாதம் மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கியது. அடிமரத்தில் பட்டை வெந்தாற்போல் கறுத்திருந்தது. பட்டறைகள் நிறைந்த எங்கள் பகுதியில் ஆசிட் கிடைப்பது அரிதன்று. ஊற்றியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் அறியேன். அந்த இருவருமே நல்லவர்கள். அவர்களுள் ஒருவர்தான் அது கன்றாக இருந்தபோது முள்வேலி கட்டித் தண்ணீர் ஊற்றியவர். இஸ்திரி வண்டி அடுத்த தெருவுக்குப் போயிற்று. பூக்கார அம்மா எங்கே போனாரென்று தெரியவில்லை. இப்புதினத்தைப் படித்தபோது அந்த மரம்தான் என் கண்முன் நின்றது.

காவல் மரமும் கடைவீதி மரமும்

மனிதன் தன் பகையை மரத்தின்மேல் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. சங்ககால மன்னர்கள் ஒவ்வொருவருக்கும் காவல் மரம் ஒன்று இருந்தது. பகைவனை வென்ற மன்னன் அவனது காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவான். மோகூர்ப் பழையனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டினான். நன்னனின் வாகை மரத்தைக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் வெட்டினான். வென்றது மனிதனை, வெட்டுண்டது மரம். ஆயினும் அந்நாளில் ஒரு வேறுபாடு உண்டு. காவல் மரம் ஊராரால் போற்றப்பட்டது. அது வீழ்ந்தால் நாடே வீழ்ந்ததாகக் கருதினர். சுந்தர ராமசாமி காட்டும் புளியமரத்துக்கு அந்த மதிப்பும் இல்லை. அதன் காய்க்கு ஏலத்தொகை உண்டு. அதன் நிழலுக்குக் கடை மதிப்பு உண்டு. அதற்கென்று ஒரு மதிப்பு இல்லை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் மரம் இழந்தது எது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

நம் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலவரலாற்றையும் இங்கே நினைக்கலாம். போருக்குச் சென்ற தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடிகள் சுற்றிக்கொண்டன. அவன் வாளால் கொடிகளை வெட்டினான். குருதி பெருகிற்று. கொடிக்கடியில் இருந்த இலிங்கத்தில் வெட்டுப் பட்டதை அறிந்து தன் தலையையே அரிந்துகொள்ளத் துணிந்தான் என்பது வரலாறு. இன்றும் அங்கே முல்லையே தலமரம். கோயிலில் உள்ள வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டும் புகழ்பெற்றவை. இதைச் சமய நோக்கில் படிப்பவர் அவ்வாறே படிக்கட்டும். நான் இங்கே காண்பது வேறொன்று. அவசரமாகப் போகிற ஒருவன் வழியில் நிற்கும் செடியை வெட்டுகிறான், வெட்டியபின் அது வெறும் செடியன்று என்று அறிகிறான், நாணுகிறான். நாணம் என்ற அந்த ஒன்றுதான் புளியமரத்துக் கடைவீதியில் இல்லை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும், முல்லையை வெட்டி வருந்திய தொண்டைமானையும் கொண்டாடிய ஒரு மரபிலிருந்து, நஞ்சூற்றிவிட்டு மறுநாள் கடை திறக்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

நம் ஊர்ப்பக்கம்

இப்புதினத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் படித்துப் பாருங்கள். அத்திப்பட்டு, பருத்திப்பட்டு, வேப்பம்பட்டு, திருவேற்காடு, திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லி. அத்தி, பருத்தி, வேம்பு, வேலம், முல்லை, பூ என்று ஒரு தோட்டமே பெயர்களில் நிற்கிறது. புதினத்தின் நாற்சந்தியைப் போலவே இங்கும் பல இடங்களில் பொருள் போய்ப் பெயர் நிற்கிறது. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்ற பெயர். பேருந்தில் அப்பெயரைக் கேட்டால் ஏரியைக் காக்கும் திட்டம் என்றே புதியவர் நினைப்பார். அது ஏரி இருந்த இடத்தில் எழுந்த குடியிருப்பு.

1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964இல் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து 1965இல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. வயலும் ஏரியுமாக இருந்த பகுதி சங்கொலியும் ஷிப்டும் நிறைந்த பகுதியாயிற்று. என் தந்தையார் விழுப்புரம் பக்கத்திலிருந்து லேத் பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர். அந்த வேலை இல்லையேல் நான் இக்கல்லூரியில் இல்லை, இக்கட்டுரையும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் கதை இதுவே. ஆகவே ஆலைகளைப் பழித்து, பழைய கிராமத்தைப் பாடி, கைகழுவிவிட நமக்கு உரிமை இல்லை. குளம் தூர்ந்ததால் பிழைத்த கடைக்காரர்களின் பிள்ளைகள் போன்றவர்கள் நாம். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் இப்புதினத்தைப் படிக்க வேண்டும்.

நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியே வெட்டவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தார்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்குப் போகும். இத்தொடரில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மேலே வெள்ளம், கீழே வறட்சி. மழைநீர் வந்த வாய்க்காலில் கழிவுநீர் வந்தால் ஏரி நாறும். ஏரி நாறினால் அதைத் தூர்த்துவிடலாம் என்ற குரல் எழும். மன்னர் மூக்கின் கதை மீண்டும் தொடங்கும்.

இதன் விளைவை நாமே கண்டோம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது, அடையாற்றங்கரை மூழ்கியது. நான்கு ஆண்டுகள் கூடக் கழியவில்லை. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்தது. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது ஏட்டில் மட்டும் இருந்தது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் ஏறி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. கொரட்டூருக்கு அடுத்த நிலையமே வில்லிவாக்கம். ஏரித் தொடரின் ஓரத்திலேயே ரயில் வந்து தண்ணீர் இறக்கிய காட்சியைச் சுந்தர ராமசாமி எழுதியிருந்தால் நாம் எள்ளல் மிகை என்றிருப்போம்.

நல்லவையும் நடந்துள்ளன. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, நடைபாதையும் படகுமாக 2019இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் காற்றாடித் தோப்பு பூங்காவான கதையைப் படித்தவன் ஒன்று கேட்பான்: கரை அழகாயிற்று, வரத்து வாய்க்கால் உயிரோடு இருக்கிறதா?

மற்றொரு புதினம்

இதே காலத்தில் சென்னையில் வாழ்ந்து எழுதிய மற்றொரு நவீனத்துவ எழுத்தாளர் அசோகமித்திரன். அவரது 'தண்ணீர்' 1973இல் நூலாக வந்தது. நகரத்துத் தெரு ஒன்றில் ஜமுனா, சாயா என்னும் சகோதரிகளின் வாழ்வோடு தண்ணீர்ப் பஞ்சம் பின்னிக் கிடக்கிறது. கைப்பம்பின்முன் குடங்களோடு காத்திருப்போர், தோண்டிப் போட்ட தெரு, குழாயில் கலந்துவரும் சாக்கடை என்று அப்புதினம் விரிகிறது. சுந்தர ராமசாமி மரமும் குளமும் போகும் கதையைச் சொன்னார். அவை போனபின் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அசோகமித்திரன் சொன்னார். நீர்நிலை தூர்ந்தால் அதன் பாரம் இறுதியில் குடம் சுமக்கும் பெண்ணின் இடுப்பில்தான் வந்து இறங்கும். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிப்பது நன்று.

ஒரு மறுப்பும் விளக்கமும்

புளியமரம் ஒரு குறியீடு. அது சமூக மாற்றத்தையும் வரலாற்றையும் குறிக்கிறது. அதைச் சூழலியலாகப் படிப்பது இக்காலத்து நோக்கை அக்காலத்து நூலின்மேல் ஏற்றுவதாகும் என்று சிலர் கூறுவர். இம்மறுப்பை எளிதில் தள்ள முடியாது. 1966இல் நம் நாட்டில் சூழலியல் ஓர் இயக்கமாக உருவாகியிருக்கவில்லை. பூச்சிமருந்தின் தீமையை எடுத்துரைத்த ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' அமெரிக்காவில் 1962இல் வந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் சூழல் மாநாடு கூடியது 1972இல். இமயமலைப் பெண்கள் மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கம் எழுந்தது 1973இல். அக்கொள்கைகளைப் படித்துவிட்டுச் சுந்தர ராமசாமி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் குறியீடு என்பதாலேயே மரம் மரமாக இல்லாமல் போய்விடுமா? அதற்கு வேர் உண்டு, பருவம் உண்டு, காய்க்கு விலை உண்டு, அடியில் நிழல் உண்டு. அது நின்ற நிலத்துக்கு ஈரம் இருந்த காலமும் ஈரம் போன காலமும் உண்டு. குளம் போனதால் சாலை, சாலையால் கடை, கடையால் போட்டி, போட்டியால் நஞ்சு என்று ஒன்றையொன்று தொடரும் சங்கிலியைப் புதினம் கட்டுகிறது. ஒன்றில் கைவைத்தால் மற்றொன்றில் போய் முடியும் என்ற இந்தத் தொடர்பே சூழலியலின் முதற்பாடம். கொள்கையின் பெயரை அறியாமலே ஒரு கலைஞன் அதன் உண்மையைக் கண்டுவிட முடியும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்ததும் அத்தகைய காட்சியே. திணை இலக்கியத்தில் நிலம் மனித உணர்வுக்குப் பின்னணியாயிற்று; இப்புதினத்தில் மரம் முன்னே வர, மனிதர் பின்னணியாகின்றனர். அதுவே இவர் செய்த புதுமை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. இயற்கையின் அழிவு பெரும்பாலும் நல்ல காரணங்களோடுதான் வருகிறது. அழிப்பவருக்கு அழிக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அழிந்ததற்குப் பெயர் மட்டும் மிஞ்சும். இவற்றைப் புள்ளிவிவர நூல் அறிவுக்குச் சொல்லும். புதினம் மனத்துக்குச் சொல்கிறது.

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று. நம் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் இணைந்து ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் தெருவில் இன்று நிற்கும் மரங்களையும், தம் பகுதியில் இருந்த குளம், ஏரி, வாய்க்கால்களின் பெயர்களையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். தாமோதர ஆசானைப் போன்றவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், திண்ணைதான் இல்லை. அவர்கள் சொல்வதை எழுதிவைக்க ஆள் வேண்டும். ஒரு மரம் எப்போது நட்டது, யார் நட்டது, அதன் நிழலில் யார் பிழைக்கிறார் என்பது எழுத்தில் இருந்தால், அடுத்த முறை ஒருவர் அதை வெட்டச் சொல்லும்போது எடுத்துக்காட்ட நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும். புளியமரத்துக்கு அப்படி ஒரு கணக்கு எழுதி வைத்தார் சுந்தர ராமசாமி. ஆனால் மரம் போனபின். நாம் இருக்கும்போதே எழுதத் தொடங்குவோம்.